மாங்குளம் சந்தியை மாற்றி அமைப்பது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியின் நடுவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியோடு இரண்டு வீதிகள் வந்து சேரும் இடம் மாங்குளம். கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34. மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமாக வெள்ளாங்குளம் வரை போகிற வீதி. இந்தச் சந்தியை எப்படித் திருத்தலாம் என்று பேச்செடுத்தால் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். இது அரசாங்க அறிவித்தல் இல்லை. வன்னியில் இருந்துகொண்டு பஸ்ஸை நம்பிப் பயணம் செய்கிற ஒருவரின் முன்மொழிவு. பரந்தன், புளியங்குளம் போன்ற மற்ற ஏ9 சந்திகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏ9 இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, சந்தியை ஏன் தோண்ட வேண்டும்?

ஓடுகிறது, உண்மைதான். வேகமாகவே ஓடுகிறது. 2002இல் சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது குண்டும் குழியுமான வீதியில் வாகனங்கள் ஊர்ந்து வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்த பிறகு அகலமாக்கி, காபெற் (வழுவழுப்பான தார்) போட்டு, முன்பு ஒருநாளும் இல்லாத வேகத்தில் வாகனங்கள் போகத் தொடங்கின. ஆனால் சந்தியில் இறங்கி நிற்கிற ஆளின் தேவை மாறவில்லை. வவுனியாவிலிருந்து வந்து முல்லைத்தீவு பஸ் பிடிக்கிற ஆசிரியர், மல்லாவியிலிருந்து வந்து யாழ்ப்பாணம் போகிற மாணவி, ஆதார வைத்தியசாலைக்கு கிளினிக் வந்த அம்மா, இவர்களுக்கெல்லாம் மாங்குளம் என்பது பஸ் மாறுகிற இடம்.

நம் வீதிகளை அமைப்பவர்கள் சந்தியைக் கடந்துபோகிற வாகனத்தின் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். எத்தனை வாகனம், எத்தனை நிமிடம், எவ்வளவு நெரிசல் என்பதுதான் கணக்கு. நான் கேட்பது, அந்தக் கணக்கை இறங்கி ஏறுகிற பயணியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. எங்கே இறங்குகிறார், எத்தனை தடவை வீதியைக் கடக்கிறார், எங்கே நிழலில் நிற்கிறார், அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியுமா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மிச்ச இடத்தில் வாகனத்தை ஓட விடலாம். அப்படி அமைத்த சந்தியில் வாகனங்களும் ஒழுங்காகத்தான் ஓடும்.

வேகத்தைக் குறைத்தால் யாழ்ப்பாணம்–கொழும்புப் பயணம் நீண்டுபோகாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தியை ஒட்டிய 400 மீற்றர் தூரத்தை மணிக்கு 70 கிலோமீற்றரில் கடக்க 21 விநாடி வேண்டும். 30 கிலோமீற்றரில் கடக்க 48 விநாடி. வித்தியாசம் 27 விநாடி. வேகம் குறைத்துக் கூட்டுகிற நேரத்தையும் சேர்த்தால் அரை நிமிடத்துக்குச் சற்று மேலே போகும். பல மணி நேரப் பயணத்தில் கூடுவது அவ்வளவுதான். மல்லாவி பஸ்ஸை ஒரு நிமிடத்தால் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறார் என்பதை ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அரை நிமிடத்துக்காக இவரை நிற்க வைப்பது நியாயமில்லை.

அப்புறம் உயிர்க் கணக்கு. உலர்ந்த வீதியில், நல்ல பிரேக் உள்ள காரே 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், சாரதி ஆபத்தைக் கண்டு வாகனம் முழுதாக நிற்பதற்குள் 55 முதல் 60 மீற்றர் ஓடிவிடும். 50இல் வந்தால் சுமார் 35 மீற்றர். 30இல் 18 மீற்றருக்குள் நின்றுவிடும். பாரமேற்றிய டிப்பருக்கும் மழை நாளுக்கும் இந்தத் தூரம் இன்னும் கூடும். வாகனம் மோதிய பாதசாரி இறக்கும் அபாயம் 50இலிருந்து 65 கிலோமீற்றருக்கு வேகம் கூடும்போது நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊர்ப் பகுதிக்குள் சட்டப்படி வேகம் 50தான். பலகையில் 50 என்று எழுதியிருந்தாலும் அகலமான நேர் வீதி சாரதியின் காலை ஆக்சிலேற்றரில்தான் வைத்திருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டியது வீதியின் வடிவம்தான்.

சமிக்ஞை விளக்கா, சுற்றுவட்டமா, மேம்பாலமா?

மேம்பாலத்தை முதலிலேயே விட்டுவிடலாம். ஏ9 வாகனங்களை மேலே ஏற்றிவிட்டால் பஸ்ஸும் மேலே போய்விடும், பயணி கீழே நிற்பார். பஸ் கீழே இறங்கி வர வேண்டுமென்றால் பக்க வீதிகள், சரிவுகள், இன்னும் காணி என்று வேண்டும். ஒரு சிறு பட்டணத்தை இரண்டாகப் பிளந்துவிட்டுக் கிடைக்கிற பலன் அந்த அரை நிமிடம்தான்.

சமிக்ஞை விளக்கு நெரிசலான நகரத்துக்கு நல்லது. மாங்குளத்தில் ஏ9இல் வருகிற வாகனம் மிக அதிகம், பக்க வீதிகளில் குறைவு. பகலில் ஒரு நேரம் கூட்டம், இரவில் வெறிச்சோடிக் கிடக்கும். வெறும் வீதியில் சிவப்பு விளக்குக்கு நிற்கப் பொறுமையில்லாத சாரதி ஒருநாள் நிற்காமல் போவார், அதுவும் முழு வேகத்தில். மின்சாரம் இன்னொரு பிரச்சினை. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். விளக்கு அணைந்த சந்தியில் யாருக்கு முன்னுரிமை என்பதே தெரியாமல் போகும்.

என் தெரிவு சுற்றுவட்டம், அதுவும் ஒற்றை லேன் சுற்றுவட்டம். நான்கு வீதிகள் நேருக்கு நேர் வெட்டுகிற சாதாரணச் சந்தியில் வாகனத்தோடு வாகனம் மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று பொறியியலாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஒற்றை லேன் சுற்றுவட்டத்தில் அது 8. எண்ணிக்கை குறைவது மட்டுமில்லை, மோதலின் வகையும் மாறுகிறது. நேருக்கு நேர் மோதுவதும், பக்கவாட்டில் செங்குத்தாக இடிப்பதும் அநேகமாக இல்லாமல் போய், சரிவான கோணத்தில் குறைந்த வேகத்தில் உரசுவதுதான் மிஞ்சும். அமெரிக்காவில் சந்திகளைச் சுற்றுவட்டமாக மாற்றிய இடங்களில் காயம் ஏற்படுத்துகிற விபத்துகள் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்தன.

ஒற்றை லேன் சுற்றுவட்டம் ஒன்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 வாகனங்களைச் சமாளிக்க முடியும். இரண்டு லேன் வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்க வேண்டும். இரண்டு லேனைக் கடக்கிற பாதசாரிக்கு முதல் வாகனம் நிற்கும், அதன் மறைவில் வருகிற இரண்டாவது வாகனம் நிற்காது.

நம் ஆட்களுக்குச் சுற்றுவட்டத்தில் ஓடத் தெரியுமா?

தெரியும். வலது பக்கத்திலிருந்து ஏற்கெனவே சுற்றிக்கொண்டு வருகிற வாகனத்துக்கு வழிவிட்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த எல்லோரும் படித்த விதி. படித்ததைச் செய்ய வைப்பது வடிவம். நுழைகிற வீதியை நேராக விடாமல் சற்று வளைத்து, வட்டத்தின் நடுத்திட்டைச் சாரதியின் பார்வைக் கோட்டில் வைத்தால் எவ்வளவு அவசரக்காரரும் 30க்கு இறங்கித்தான் நுழைய முடியும். சில ஊர்களில் நடுவில் ஒரு சிறு தூணை நட்டு, சுற்றிச் சிவப்பு வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டு அதைச் சுற்றுவட்டம் என்கிறார்கள். அதில் எவரும் வேகம் குறைப்பதில்லை.

கொள்கலன் லொறியும் நெல் அறுவடை இயந்திரமும் திரும்புமா?

திரும்பும். அளவு சரியாக இருக்க வேண்டும். 12 மீற்றர் நீளமான பஸ் திரும்ப வெளிவட்ட ஆரம் 12.5 மீற்றர் போதும் என்பது ஐரோப்பிய விதி. கொள்கலன் லொறிக்கு அதைவிடக் கூட வேண்டும். வட்டத்தின் முழு விட்டம் 35 மீற்றர் அளவில் இருந்தால், நடுத்திட்டைச் சுற்றிச் சற்றே உயர்ந்த கொங்கிறீட் வளையம் ஒன்று போடலாம். நீளமான வாகனத்தின் பின்சில்லு அதன்மேல் ஏறிப் போகும். கார் ஏறினால் குலுக்கும், ஆகவே ஏறாது. உழவு இயந்திரமும் பெட்டியும், லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரமும் இந்த அளவுக்குள் தாராளமாகத் திரும்பும். காலபோக (மாரிகால நெல்) அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரங்கள் வீதியில் நகர்கிற நேரமே இந்தச் சந்திக்குச் சரியான சோதனை. வீதியோரக் கம்பங்களும் பலகைகளும் அந்த அகலத்தை மனதில் வைத்து நடப்பட வேண்டும்.

பஸ் எங்கே நிற்கும்?

முழு வடிவமும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

என் முன்மொழிவு: ஏ9 பஸ்கள் சந்தியைத் தாண்டிய பிறகு நிற்க வேண்டும். சந்திக்கு முன்னால் நின்றால், நிற்கிற பஸ்ஸை முந்த வருகிற வாகனம் சந்திக்குள்ளேயே முந்தும். இறங்கிய பயணி பஸ்ஸின் முன்பக்கத்தால் வீதியைக் கடப்பார், அவரை யாருக்கும் தெரியாது. தாண்டி நின்றால் முந்துகிற வாகனம் சுற்றுவட்டத்திலிருந்து அப்போதுதான் மெதுவாக வெளியே வந்திருக்கும், பயணி பஸ்ஸின் பின்பக்கத்தால் கடவைக்கு வருவார்.

நாம் இடது பக்கம் ஓடுகிறவர்கள். ஆகவே யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் தரிப்பிடம் சந்தியின் வடமேற்கு மூலையில் வரும். வவுனியா, கொழும்பு போகிற பஸ்ஸுக்குத் தென்கிழக்கு மூலை. முல்லைத்தீவுக்குப் புறப்படுகிற பஸ் ஏ34இன் வடக்கு ஓரத்தில், அதாவது வடகிழக்கு மூலையில் நிற்கும். மல்லாவி, துணுக்காய் பஸ்ஸுக்குத் தென்மேற்கு மூலை.

இப்போது ஒவ்வொரு மாற்றமாகப் பாருங்கள். வவுனியாவிலிருந்து வந்து முல்லைத்தீவு போகிறவர் வடமேற்கில் இறங்குகிறார், வடகிழக்குக்குப் போக வடக்குப் பக்க ஏ9ஐ மட்டும் கடக்கிறார். அதே பஸ்ஸில் வந்து மல்லாவி போகிறவர் மல்லாவி வீதியை மட்டும் கடக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முல்லைத்தீவு போகிறவர் ஏ34ஐ மட்டும், மல்லாவி போகிறவர் தெற்குப் பக்க ஏ9ஐ மட்டும். ஏ9 பஸ்ஸிலிருந்து எந்தப் பக்க பஸ்ஸுக்கு மாறினாலும் ஒரே ஒரு வீதியைத்தான் கடக்க வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது கணக்கு வேறு. முல்லைத்தீவிலிருந்து வருகிற பஸ் சந்திக்கு முன்னாலேயே தெற்கு ஓரத்தில் ஆட்களை இறக்கலாம். பயணம் அங்கே முடிவதால் வேகமும் குறைவு, முந்துகிற சிக்கலும் குறைவு. வவுனியா போகிறவர் அதே மூலையில் ஏறிவிடலாம், கடக்கவே தேவையில்லை. யாழ்ப்பாணம் போகிறவர் இரண்டு கடவை கடக்க வேண்டும். மல்லாவியிலிருந்து வருகிறவருக்கு இது மறுதலை: யாழ்ப்பாணம் போவது சுலபம், வவுனியா போவதற்கு இரண்டு கடவை. ஆட்களை இறக்கிய பஸ் சுற்றுவட்டத்தைச் சுற்றிப் புறப்படும் இடத்துக்கு வந்துவிடும். ரிவேஸ் எடுப்பது, வீதியை மறித்துத் திருப்புவது எல்லாம் இல்லாமல் போகும்.

கடவைகள் சுற்றுவட்டத்தின் வாயிலில் இல்லாமல், ஒரு கார் நீளம் பின்னால் இருக்க வேண்டும். நடுவில் ஒரு திட்டு வேண்டும். பாதி வீதியைக் கடந்து, திட்டில் நின்று, மறுபக்கம் பார்த்து மிச்சத்தைக் கடக்கலாம். கையில் பிள்ளையும் பையும் வைத்திருக்கிற தாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு திசையையும் பார்க்கிற வேலை மிச்சம். திட்டின் அகலம் இரண்டு மீற்றராவது இருந்தால்தான் சைக்கிளோடு ஒருவர் நிற்க முடியும்.

தனியாக ஒரு பஸ் நிலையம் கட்டினால் போதாதா?

கட்டடம் கட்டுவதை எல்லோரும் விரும்புகிறார்கள், நாடா வெட்டலாம். ஆனால் பிரதான வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே நிலையத்தைக் கட்டினால் தூரப் பஸ்கள் உள்ளே போகாது. உள்ளே போய் வருகிற நேரத்தில் பின்னால் வருகிற பஸ் முந்திவிடும் என்று ஒவ்வொரு சாரதிக்கும் பயம். அதனால் பஸ் வீதியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகும், நிலையத்துக்குள் ஆடுமாடு படுத்திருக்கும். வவுனியாவில் பட்டணத்தின் மையத்திலிருந்து தள்ளிப் புதிய நிலையம் கட்டிய பிறகு, அங்கிருந்து யார் எப்போது ஓடுவது என்று இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் (இ.போ.ச.) தனியாருக்கும் இடையில் நடந்த நீண்ட இழுபறி எல்லோருக்கும் தெரியும்.

மாங்குளத்துக்கு வேண்டியது சந்தியின் நான்கு மூலையிலும் நிழல் கூரை, இருக்கை, வெளிச்சம், குடிநீர், மலசலகூடம். மலசலகூடத்தைக் கடைசியில் சொன்னாலும் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். பக்க வீதிப் பஸ்கள் காத்து நிற்க ஏ34 ஓரமாகச் சிறு இடம் ஒன்று போதும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலைப் பாருங்கள். ஏ9இல் போகிற பஸ்கள் அங்கே நிற்கும், சனம் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறும். எவரும் பலகை நட்டு நிறுத்தவில்லை. வீதியோடு ஒட்டியிருக்கிறது, எல்லோருக்கும் இடம் தெரியும், நிற்பதால் சாரதிக்கு நேரம் வீணாவதாகத் தோன்றவில்லை. தரிப்பிடம் என்றால் அப்படி அமைய வேண்டும்.

வடிவத்தை மாற்றினால் பஸ் நேரத்துக்கு வந்துவிடுமா?

வராது. அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும். மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ்களுக்கு அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுகிறவற்றுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. தனி. மூன்று தரப்பையும் ஒரே அட்டவணையில் உட்கார வைத்தால்தான் பயணிக்குப் பலன். நான் கேட்பது சிறிய விஷயம்: யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிற பஸ்கள் சந்திக்கு வரும் நேரத்தை ஒட்டிப் பக்க வீதிப் பஸ் புறப்பட வேண்டும், ஏ9 பஸ் சற்றுத் தாமதித்தால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். குறிப்பாக மாலையில் கடைசி பஸ். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும்.

கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்?

வன்னியில் இந்தக் கேள்வியைப் பட்டியலின் கடைசியில் போடவே கூடாது. போரில் காலையோ கையையோ இழந்தவர்கள், உடம்பில் இன்னும் சன்னமும் செல் துண்டும் சுமக்கிறவர்கள் எத்தனையோ பேர் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் போட்ட ஒருவருக்கு பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்பது ஏறுவதா வீட்டில் இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. நம் பஸ்களின் படி உயரமானது. மண் ஓரத்திலிருந்து ஏறினால் அந்த உயரம் முழுவதையும் ஒற்றைக் காலில் தூக்க வேண்டும். தரிப்பிட மேடை 18 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் அதில் நல்ல பங்கு குறைந்துவிடும். மேடை உயர்ந்திருப்பது போதாது, பஸ் மேடையை ஒட்டி நிற்கவும் வேண்டும். ஆகவே பஸ் ஒதுங்குகிற இடத்தின் நுழைவைக் கூர்மையாக வெட்டாமல் நீளமாகச் சரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாரதி பஸ்ஸின் பின்பக்கத்தை வீதியில் விட்டுவிட்டு, கதவை மேடையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிறுத்துவார். இடையில் பள்ளம்.

மேடைக்கு ஏறுகிற சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது 18 சென்ரிமீற்றர் ஏற இரண்டு மீற்றருக்குச் சற்று மேல் நீளம் வேண்டும். கடவையின் இரு பக்கமும், கடவையின் நடுவிலுள்ள திட்டும் வீதி மட்டத்திலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். பார்வை இல்லாதவருக்குக் காலால் தடவி உணரக்கூடிய புள்ளிக் கற்கள் கடவை வாயிலில் வேண்டும். இவற்றை வேலை தொடங்கும்போதே செய்தால் கூடுதல் செலவு அதிகமில்லை. முடிந்த பிறகு உடைத்துச் செய்வதென்றால் அதை ஒருவரும் செய்யப்போவதில்லை.

ரயில் பாதை இடைஞ்சலா?

வடக்கு ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. வன்னியில் பல இடங்களில் தண்டவாளம் ஏ9க்குப் பக்கத்திலேயே போகிறது. பக்க வீதி ஒன்று தண்டவாளத்தைக் கடந்து சந்திக்கு வருகிற இடத்தில் கவனிக்க வேண்டியது வரிசையின் நீளம். ரயில் கடவை மூடியிருக்கும்போது நிற்கிற வாகன வரிசை பின்னால் நீண்டு சுற்றுவட்டத்துக்குள் வந்தால் நான்கு வீதியும் அடைபடும். மறுபக்கமும் அப்படித்தான், சுற்றுவட்டத்துக்குக் காத்திருக்கிற வரிசை தண்டவாளத்தின் மேல் நிற்கக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை அளந்து, எத்தனை பஸ், எத்தனை லொறி நிற்கும் என்று கணக்கிட்ட பிறகுதான் வட்டத்தின் மையத்தைக் குறிக்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு வெளிச்சமுள்ள நடைபாதை இருந்தால் இரவு ரயிலில் வந்து இறங்குகிறவருக்குப் பேருதவி.

மாரி மழையில் சந்தி தண்ணீரில் நிற்காதா?

2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான சனம் இடம்பெயர்ந்தது. வன்னி தட்டை நிலம். தண்ணீர் குளத்திலிருந்து குளத்துக்கு மெதுவாகப் பரவிப் போகும். அதன் குறுக்கே வீதியை உயர்த்திக் கட்டினால் வீதியே அணையாகிவிடும், ஒரு பக்கத்து வளவுகளும் வயல்களும் மூழ்கும். ஆகவே மேற்பரப்பைக் கூட்டுவதற்கு முன் மதகுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் பார்க்க வேண்டும். புதிதாகக் காபெற் போடுகிற ஒவ்வொரு சதுர மீற்றரும் மண் உறிஞ்சியிருக்க வேண்டிய மழையை வாய்க்காலுக்கு அனுப்புகிறது. வட்டத்தின் நடுத்திட்டில் கொங்கிறீட் கொட்டாமல் புல்லும் தாழ்வான செடிகளும் விடலாம். மரம் வைக்க வேண்டுமானால் தரிப்பிட ஓரத்தில் வேம்பு வையுங்கள், சனத்துக்கு நிழலாவது கிடைக்கும். வரைபடத்தை வரைகிறவர் ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை நாள் சந்திக்கு வந்து நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கமக்காரர் அமைப்பைக் கேட்டால் பழைய வாய்க்கால்கள் எங்கே மூடப்பட்டன என்றும் சொல்வார்கள்.

இரவில் கட்டாக்காலி மாடுகள்?

காபெற் வீதி இரவில் சூடாக இருக்கும், மாடு வந்து படுக்கும். கறுத்த மாடு கறுத்த வீதியில் தெரியாது. சந்தியிலும் அதற்கு முன் 200 மீற்றர் தூரத்துக்கும் வீதி விளக்கு வேண்டும், சூரிய ஒளியில் எரிவது நல்லது. மாட்டை வீதிக்கு வராமல் தடுப்பது பட்டியும் மேய்ச்சல் தரையும். அது சந்தி வடிவமைப்பாளரின் கையில் இல்லை, பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் உரிய வேலை.

கடைக்காரருக்கும் கச்சான் விற்கிற அம்மாவுக்கும் என்ன நடக்கும்?

பயப்படுகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. வீதி அகலிப்பு என்றாலே கடை முன்பக்கம் போகும் என்பதுதான் அனுபவம். இந்த வடிவத்தில் சனம் நடக்கிற பாதை கடை வாசல்களை ஒட்டித்தான் போகிறது. பஸ் மாறுகிற பயணி பத்து நிமிடம் நிழலில் நின்றால் ஒரு தேநீர் குடிப்பார். 70இல் பறக்கிற காரால் எந்தக் கடைக்கும் வியாபாரம் இல்லை. நடைவியாபாரிகளுக்குத் தரிப்பிடக் கூரையின் பின்பக்கம் அளந்து இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் நடைபாதையில்தான் இருப்பார்கள், பிறகு பொலிஸ் வந்து கலைக்கும், அடுத்த நாள் மறுபடி வருவார்கள். ஓட்டோத் தரிப்பிடம் பக்க வீதியில், பஸ் மேடையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஏ9 ஓரத்தில் வேண்டாம்.

காணி எடுப்பார்களா?

35 மீற்றர் வட்டத்துக்கு மூலைகளில் சற்றுக் காணி வேண்டிவரலாம். வீதி ஒதுக்கு நிலத்துக்குள் அடங்குகிறபடி மையத்தை நகர்த்துவதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எடுக்க வேண்டுமானால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி நடக்க வேண்டும். முதலில் இரண்டாம் பிரிவு அறிவித்தல் வரும், அளந்து பார்ப்பதற்கானது. நான்காம் பிரிவு அறிவித்தலில் ஆட்சேபனை சொல்ல நாள் கொடுப்பார்கள். ஏழாம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை கேட்பார்கள். அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்ட கடதாசியைப் படிக்காமல் விட்டால் ஆட்சேபனை நாள் போய்விடும்.

வன்னியில் பலருடைய காணி உறுதிக் காணி இல்லை, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிரதேச செயலகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுத்து வைக்க வேண்டும், திட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அதிவேக வீதி வடக்குக்கு வந்தால் இதெல்லாம் தேவையில்லாமல் போகுமா?

அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் உழவு இயந்திரமும் போக முடியாது, வழியில் நின்று ஆள் ஏற்றவும் முடியாது. 2011இல் திறந்த தெற்கு அதிவேக வீதியில் அதுதான் நிலைமை. ஊர்ப் பஸ் ஏ9இலேயே ஓடும். அப்படி ஒரு வீதி வந்தால் வன்னியில் இடமாறல், அதாவது அதிவேக வீதியில் ஏறி இறங்குகிற வாயில், எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாகும். கொட்டாவவுக்குப் பக்கத்தில் மாக்கும்புரவில் அதிவேக வீதிப் பஸ்ஸையும் உள்ளூர்ப் பஸ்ஸையும் ரயிலையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார்கள். இடமாறல் திறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிலையம் வந்தது. நாங்கள் அதை முதல் வரைபடத்திலேயே கேட்க வேண்டும்.

கட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். மணல் நிரப்பிய பீப்பாய்கள், பழைய டயர்கள், வெள்ளைப் பூச்சு, ஒளி தெறிக்கிற பட்டி, இவ்வளவும் இருந்தால் தற்காலிகச் சுற்றுவட்டம் அமைத்துவிடலாம். தை முதல் வைகாசி வரை வைத்துப் பார்த்தால் அறுவடைக் காலமும், பாடசாலை நாளும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற கூட்டமும் அதற்குள் வரும். எந்தப் பீப்பாயை லொறி இடித்துத் தள்ளுகிறதோ அங்கே வளைவு போதவில்லை என்று தெரியும். சனம் கடவையை விட்டு எந்த இடத்தால் கடக்கிறது என்று பார்த்து, கடவையை அங்கே கொண்டுபோகலாம். பிறகு கொங்கிறீட் போடலாம்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது?

ஏ9உம் ஏ34உம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. நடைபாதை, விளக்கு, வியாபார இடம் என்று வரும்போது பிரதேச சபையும் வேண்டும். ரயில் கடவைக்குப் புகையிரதத் திணைக்களம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதுதான் வழக்கம் என்பதால், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது கேட்பது நல்லது.

எழுத்தில் பதில் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் அவர் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்கச் சொல்வது மூன்று. இந்தச் சந்தியில் வாகனங்களை எண்ணியபோது பஸ் மாறுகிற பயணிகளையும் எண்ணினீர்களா? கடந்த ஐந்து ஆண்டில் இங்கே நடந்த விபத்துகள் எந்த மூலையில், எந்த நேரத்தில் நடந்தன? திருத்த வேலைக்கு வரைபடம் இருந்தால், அதில் பஸ் தரிப்பிடம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது?